ஜீப் வரும் நேரமும் பால்வாடி திறக்கும் நேரமும்

தம்பி,

நீ சாப்பிடாமல் போய்விட்டாய். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கிராம சபைக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வருவாய் என்று மொச்சைப் பயறு போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். உன் அக்கா முத்துலட்சுமி காலையிலேயே தேவாரம் போய் அந்தக் கருவாட்டை வாங்கி வந்தாள். நீயோ மைக்கைக் கீழே வைத்த கையோடு ஆபீஸ் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாய். மறுநாள் குழம்பில் ருசி கூடித்தான் இருந்தது, எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. துண்டு போர்த்தி மேடையில் உட்காரவைத்த அதிகாரியைப் பார்த்து, ஊர் முன்னால், "ஏலே" என்று கத்திவிட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். ஏலக்காய் எஸ்டேட்டில் தங்கி வேலை பார்த்த காலத்தில் ஊருக்குக் கடுதாசி போட வேண்டியவர்கள் எல்லாம் என்னிடம்தான் வருவார்கள். அந்தக் கை இன்னும் மறக்கவில்லை. இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. எஸ்டேட் வேலைக்கு ஜீப்பில் போகிற பெண்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடப்போகிறேன். ஊர் முன்னால் திட்டினேன், மன்னிப்பையும் ஊர் முன்னால் கேட்பதுதான் முறை. ஆனால் மன்னிப்பு அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும்தான். கேட்ட கேள்விக்கு இல்லை.

உன் வேலையின் பெயர் நீளமானது. ஒரே மூச்சில் சொல்ல எனக்கு வராது. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வராத பிள்ளைகள் யார், ஏன் வரவில்லை என்று ஊர் ஊராகப் பார்த்து மேலே எழுதி அனுப்புகிற வேலை என்று நீ எனக்கு விளங்கச் சொன்னாய். அன்றைக்கும் அதைத்தான் வாசித்தாய். தலையை நிமிர்த்தாமல் கடகடவென்று வாசித்துக்கொண்டே வந்தாய். "கார்த்திகா, ஆறாம் வகுப்பு. காரணம், பெற்றோரின் அக்கறையின்மை" என்று வாசித்தபோதும் நீ நிமிரவில்லை. கார்த்திகா யார்? உன் அக்கா மகள். நீ மாமன். அவள் காது குத்துக்கு உன் மடியில்தான் உட்கார்ந்தாள். உன் அக்கா எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். ஏலக்காய்க் கறை ஏறின கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை, எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏலே! ஒன்னையத் தூக்கி வளத்தது யாருலே? அக்கறை இல்லாமத்தான் வளத்தாளா?"

பஞ்சாயத்துத் தலைவர் பதறிப்போய், "ஆத்தா, அதிகாரிய அப்படிச் சொல்லக் கூடாது, ஒக்காருங்க" என்றார். "அதிகாரிதான்யா, யாரு இல்லேன்னது? எம் வயித்துல பொறந்த அதிகாரி" என்றேன். பந்தல் முழுக்கச் சிரித்தது. உன் காது இரண்டும் சிவந்துபோனதைப் பார்த்தேன். சின்ன வயதிலும் உனக்கு அழுகைக்கு முன்னால் காதுதான் சிவக்கும். அப்போதே எனக்குச் சங்கடமாகிவிட்டது, ஆனால் வாயை விட்டு வெளியே போனதை எப்படித் திரும்ப வாங்குவது?

வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, எந் தம்பிய ஊரு முன்னால அசிங்கப்படுத்திட்டியே. அவன் என்ன செய்வான், மேல இருந்து வாரதத்தான வாசிச்சான்? அவுக ஆபீஸ்காரவுக எல்லாம் பாத்துக்கிட்டு இருந்தாக" என்று ஒரு பாட்டம் அழுதாள். அவளைப் பற்றித்தான் அங்கே அப்படி வாசித்தார்கள், அவளோ உனக்காக அழுகிறாள். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

இனி உனக்கு மறந்துபோன ஒன்றைச் சொல்கிறேன். மறக்கவில்லை, நீ பார்த்ததே இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் நீ எப்போதும் தூங்கிக்கொண்டிருந்தாய். நம் தெரு மேட்டிலிருந்து வாய்க்காலை நோக்கிச் சரிவாக இறங்குகிறது இல்லையா? விடியுமுன்னே வருகிற எஸ்டேட் ஜீப்பை டிரைவர் அந்த மேட்டிலேயே அணைத்துவிடுவார். எஞ்சின் சத்தம் இல்லாமல், பிரேக்கில் காலை வைத்தபடி வண்டியை மெதுவாகச் சரியவிடுவார். ஹாரன் அடிக்க மாட்டார். பெண்கள் வாசலிலேயே தயாராக நிற்பார்கள். பால்குடி மறக்காத பிள்ளை வைத்திருக்கிறவள் கொலுசைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு ஏறுவாள். யாரும் பேச மாட்டார்கள். ஜீப் கீழே டீக்கடை முக்குக்குப் போன பிறகுதான் எஞ்சின் உறுமும். பிள்ளைகள் முழித்து அம்மா போவதைப் பார்த்துவிட்டால் அழுது ஊரைக் கூட்டிவிடுவார்கள், நமக்கும் மலை ஏற மனசு வராது. அதனால் டிரைவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், இப்போது வருகிற டிரைவரும் அப்படித்தான் செய்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நல்ல மனசில் வந்த பழக்கம்தான்.

ஆனால் யோசித்துப் பார் தம்பி. இத்தனை பெண்கள் இருட்டில் பிள்ளையை விட்டுவிட்டுக் கேரளாவுக்கு வேலைக்குப் போவது ஒருத்தர் காதிலும் விழவில்லை. அதிகாரிகள் வருவது பத்து மணிக்கு மேல்தான். அந்த நேரத்தில் பால்வாடி திறந்திருக்கிறது. டீச்சர் இருக்கிறார், சத்துமாவு இருக்கிறது, சுவரில் கிளியும் மயிலும் வரைந்திருக்கிறது. வருகிறவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். குறையே சொல்ல முடியாது. ஜீப் போவதற்கும் அந்தக் கதவு திறப்பதற்கும் நடுவில் இருக்கிற பொழுதில் பிள்ளை யாரிடம் இருக்கிறது என்று கேட்க அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் பொழுதை இந்த ஊரில் பெண் பிள்ளைகள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அக்காமார்கள்.

உன்னையும் அப்படித்தான் உன் அக்கா பார்த்துக்கொண்டாள். அப்போது அவளும் ஆறாவதுதான், இப்போது அவள் மகள் படிக்கிற அதே வகுப்பு. காலையில் உனக்குப் பல் விளக்கிவிட்டு, பழைய சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டு, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போவாள். கொஞ்ச நாள் டீச்சரும் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் நீ சுவரில் மாட்டியிருந்த இந்தியப் படத்தைப் பிடித்து இழுத்ததில் அது காஷ்மீரிலிருந்து கீழே கிழிந்துவிட்டது. "தம்பிய வீட்டுல விட்டுட்டு வா" என்றார்கள். அவர்கள் மேலும் தப்புச் சொல்ல மாட்டேன், ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்களால் எத்தனைதான் பார்க்க முடியும்? உன் அக்கா உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்த நான் சொன்ன வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "ஒரு வருசந்தான் ஆத்தா. தம்பி பால்வாடிக்குப் போகட்டும், நீயும் பழையபடி போயிரு."

மனசாரத்தான் சொன்னேன். ஏமாற்றச் சொல்லவில்லை. ஆனால் நீ பால்வாடிக்குப் போன போதும் ஜீப் அதே இருட்டில்தான் வந்தது, கதவு அதே பத்து மணிக்குத்தான் திறந்தது. ஒரு வருஷம் இரண்டானது. அப்புறம் அவள் உயரமாகிவிட்டாள், சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்பட்டாள். உன் அப்பாவும் அப்போதுதான் நம்மை விட்டுப் போனார். அடுத்த ஏலக்காய்ப் பருவத்தில் எனக்குப் பக்கத்தில் அவளும் ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தெருவில் எந்த வீட்டுப் பெண்ணிடம் படிப்பை விட்டது ஏன் என்று கேட்டாலும், "ஒரு வருசந்தான்னு சொன்னாக" என்பாள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்திலும் உன்னைப் போல ஓர் அதிகாரி கணக்கெடுக்க வந்தார். நல்ல மனுஷர், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பொண்ணு ஏன்மா பள்ளிக்கூடம் வரல?" என்று பொறுமையாகத்தான் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒடம்புக்கு முடியல சார்" என்றேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். என் வீட்டுக் குறையை எதற்கு ஒரு வேற்று ஆளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அது என் வீட்டுக் குறை இல்லை, தெரு முழுக்க இருக்கிற குறை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவர் உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் தப்பான காரணத்தைச் சொன்னேன், இன்றைக்கு நீ தப்பான காரணத்தை வாசிக்கிறாய். உன்னை மட்டும் எப்படி நான் குற்றம் சொல்ல முடியும்?

கார்த்திகா விஷயம் உனக்கு முழுதாகத் தெரியாது. போன மழையில் நான் எஸ்டேட் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது வரைக்கும் உனக்குத் தெரியும். தேனி ஆஸ்பத்திரியில் நீதான் பக்கத்தில் இருந்தாய். அதற்கப்புறம் நான் மலைக்குப் போகவில்லை. உன் அக்காவின் சின்னவன், அந்த வாலில்லாத குரங்கு, என் பொறுப்பு என்றுதான் ஏற்பாடு. மருமகன் வாழைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுகிறார். நானும் உட்கார்ந்த இடத்திலிருந்து பாட்டுப் பாடுவேன், கதை சொல்லுவேன், சோறு ஊட்டுவேன். எழுந்து ஓட மட்டும் என்னால் முடியாது. ஒரு நாள் நான் கம்பை ஊன்றி எழுந்திருப்பதற்குள் அவன் வாய்க்கால் கரைக்கே போய்விட்டான். அன்றைக்கு மலைக்குப் போகாத பேச்சியம்மா அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்ததால் பிடித்துவிட்டாள். அன்றிலிருந்து கார்த்திகா பால்வாடி திறக்கும் வரை இங்கனயே இருக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் எட்டு மணிக்கு. அதை விட்டால் மதியம்தான். ஒரு நாள் போகிறாள், இரண்டு நாள் போவதில்லை. போன வாரம் அவளே அவள் அம்மாவிடம், "நான் வேணா ஒரு வருசம் நின்னுக்கிறேம்மா" என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, தானாகச் சொன்னாள். உன் அக்கா சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். இதுதான் நீ வாசித்த அக்கறையின்மை.

நீயும் வேண்டுமென்று எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். வண்டியில் ஏறும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாயே, "அம்மா, படிவத்துல அச்சடிச்ச காரணத்துல ஒன்னைத்தான் நான் டிக் பண்ண முடியும். பால்வாடி லேட்டாத் தொறக்குதுன்னு அதுல ஒரு காரணமே இல்ல" என்று. பார்த்தாயா, நோய் இருக்கிறதாம், கல்யாணம் இருக்கிறதாம், வேறு ஊருக்குப் போனது இருக்கிறதாம், அம்மா அப்பாவின் அக்கறை இல்லாமையும் இருக்கிறதாம். எல்லாமே வீட்டின் மேல் வருகிற காரணம். அரசாங்கத்தின் மேல் வருகிற காரணம் ஒன்றுகூட இல்லை. அதை அச்சடித்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் பத்து மணிக்கு மேல் வந்துபோனவர்களாக இருக்கும்.

ராத்திரி நீ போன் பண்ணி உன் அக்காவிடம் மாசாமாசம் பணம் அனுப்புகிறேன், ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாயாம். உன் மனசு எனக்குத் தெரியும். நீ அனுப்பவும் செய்வாய். ஆனால் கம்பத்தில் உன் பிள்ளையை விட்டிருக்கிற காப்பகத்துக்குக் கட்டுவதற்கே மருமகள் சம்பளத்தில் பாதி போகிறது, வேலையை விட்டுவிடலாமா என்று அவள் என்னிடம் கேட்டாள். "விடாதத்தா, விட்டா அப்புறம் சேரவே முடியாது" என்றேன். இங்கனயும் ஒருத்தி காசு வாங்கிக்கொண்டு பிள்ளை பார்த்துக்கொள்கிறாள், கூலியில் பெரும்பகுதியை அவளிடம் கொடுத்துவிட்டு மலைக்குப் போவதற்குப் பதில் வீட்டிலேயே இருந்துவிடலாம். நீ பணம் அனுப்பினால் நம் வீட்டுக் கதவு மட்டும் திறக்கும். அடுத்த வீட்டுக்காரிக்குத் தம்பி அதிகாரி இல்லையே, அவள் என்ன செய்வாள்? "வீட்டில் யாராவது இருப்பார்கள்" என்று நினைத்துக்கொண்டுதான் சட்டம் போடுகிறவர்கள் எல்லாம் சட்டம் போடுகிறார்கள். அந்த யாராவது நாங்கள்தான். என் இடுப்பு உடைந்ததும் அவர்கள் திட்டமும் உடைந்துவிட்டது, அவ்வளவுதான் அதன் பலம். படிப்பு இலவசம், புஸ்தகம் இலவசம், பஸ்ஸும் இலவசம். எல்லாம் நல்ல காரியம், நான் கும்பிடுகிறேன். அந்தப் பஸ்ஸில் கார்த்திகா ஏறுவதற்குப் பால்வாடிக் கதவு ஜீப் வருகிற நேரத்துக்கே திறக்க வேண்டும் என்பதைத்தான் கேட்கிறோம். பால்வாடி டீச்சரையே இருட்டில் வரச் சொல்லவும் இல்லை. அவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது. காலைக்கென்று இன்னொரு ஆளைப் போடட்டும். அதற்குப் பணம் இல்லை என்றால் அதையாவது வந்து எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். எங்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல வேண்டாம்.

கூட்டத்துக்கு மறுநாள் ஜீப்பில் இதுதான் பேச்சாம். உன் அக்கா வந்து சொன்னாள். பேச்சியம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன்டி, வண்டி கம்பம் வழியாத்தான மலை மெட்டுக்கு ஏறுது? பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு வந்து அதிகாரி வீட்டு வாசல்லயே எறக்கி விட்டுருவோமா? அவுகளுக்குத்தான் அக்கறை இருக்குல்ல" என்றாளாம். எல்லாரும் சிரித்தார்களாம். உத்தமபாளையம் தாண்டினதும் டிரைவரே திரும்பி, "நான் ரெடி" என்றாராம். உன் அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எந் தம்பி வேலைக்கு ஏதும் ஆயிரப்போகுது" என்று மன்றாடினாளாம். கடைசியில், உனக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், திடுதிப்பென்று போய் நிற்கக் கூடாது என்ற பேச்சுக்கு அவளும் சம்மதித்துவிட்டாள். அதனால்தான் நான் பேனாவை எடுத்தேன்.

ஆகவே கேட்டுக்கொள். வருகிற திங்கட்கிழமை விடிகாலையில் ஜீப் உன் வாசலுக்கு வரும். இந்தத் தடவை மேட்டில் எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டோம். ஹாரன் அடித்துக்கொண்டேதான் நம் தெருவில் இறங்கும். உன் அக்கா உட்பட யாரும் கொலுசைக் கழற்றப்போவதில்லை. பிள்ளைகள் முழித்துக்கொண்டு, அழுகிறவர்கள் அழுதுகொண்டு, அம்மா மடியில் உட்கார்ந்து வருவார்கள். உன் வீட்டில் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பெண்கள் மலை ஏறிவிடுவார்கள், சாயங்காலம் திரும்பும்போது கூட்டிப் போவார்கள். பயப்படாதே, முன் சீட்டில் நானும் வருகிறேன். ஓடத்தான் முடியாது, ஊட்ட முடியும். குழம்பும் கொண்டுவருகிறேன், இந்தத் தடவையாவது சாப்பிடு. மருமகளிடம் பாலைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்.

உன் ஆபீஸ் திறந்ததும் இந்தப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போ. இவர்கள் யார், எதற்கு இங்கே என்று உன் மேலதிகாரி கேட்பார், கேட்கட்டும். நீ என்னைப் போல வெட்கப்பட்டுக்கொண்டு நிற்காதே. உள்ள காரணத்தைச் சொல். அச்சடித்ததில் இடம் இல்லை என்றால் ஓரத்தில் எழுது, ஓரத்திலும் இடம் இல்லை என்றால் பின்பக்கம் எழுது. அதனால் கதவு மறுநாளே திறந்துவிடும் என்று நம்புகிற அளவுக்கு நான் சின்னப் பிள்ளை இல்லை. ஆனால் காரணம் மேலே போகட்டும், உன் கையெழுத்தோடு போகட்டும். அப்புறம் அவர்கள் பதில் சொல்லட்டும்.

அன்றைக்குக் கார்த்திகா எட்டு மணி பஸ்ஸில் போவாள். இப்போதே ரிப்பனைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். அவள் தம்பி உன் வீட்டில் இறங்கியதும் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்து அழுவான். அப்புறம் உன் காலைக் கட்டிக்கொண்டு தூக்கச் சொல்லுவான். தூக்கிக்கொள், தம்பி. இடது இடுப்பில் வைத்துக்கொண்டால் வலது கை வேலைக்கு ஆகும். உன் அக்கா உன்னை அப்படித்தான் வைத்திருந்தாள்.

அம்மா